திருவிழா முடியட்டும்

சிவதர்ஷன் சந்தைப் பையைக் குசினி மேசையில் கவிழ்த்தான். பீற்றூட். பேரீச்சம்பழம். இரண்டு பிடி முருங்கையிலை. கடைசியாக ஒரு பாமசி மருந்துப் பை.

தயாளினி கதிரையில் இருந்தபடியே பார்த்தாள். எழும்பினால் தலை சுற்றும். மாதவிடாய் தொடங்கி இன்றைக்கு நான்காம் நாள். மற்றப் பெண்களுக்கு முடிகிற நேரம். அவளுக்கு இன்னும் ஐந்து நாள் கிடந்தது.

போன மாதம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டு நின்றவள், வெண்கட்டியோடு அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். "இவ்வளவு குறைஞ்ச இரத்தத்தோடை எப்பிடி நடந்து திரிஞ்சனீங்கள்?" என்று டொக்டர் கேட்டா.

நடந்துதான் திரிந்தாள். இரட்டைப் பாட், கடும் நிறச் சேலை, எழும்பும்போதெல்லாம் கதிரையைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம். மூன்று வருஷம்.

கர்ப்பப்பைக்குள் ஒரு ஹோர்மோன் லூப் வைக்கலாம் என்றா டொக்டர். சின்னச் சாமான். ஐந்து வருஷத்துக்கு இருக்கும். முதல் மூன்று நான்கு மாதம் ஒழுங்கில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் படும், பிறகு இந்தப் பெருக்கு அடங்கும். மாதவிடாய் தொடங்கி ஏழு நாளுக்குள் வந்தால் வைத்துவிடலாம். நாளைக்குத்தான் அதற்குக் குறித்த நாள்.

"ஹோர்மோன் உடம்புக்குக் கூடாது. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்றான் சிவதர்ஷன்.

அவளும் நேற்றுக் கிளினிக்குக்குப் போன் எடுத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அப்போது அவளுக்குக் கோபமே வரவில்லை. பதினாலு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அன்பென்று வாயால் ஒரு சொல் சொல்லாத மனிதன், இந்த ஒரு மாதமாகத் தன் கையாலேயே பீற்றூட் துருவிச் சாறு பிழிந்து தருகிறான். தனக்காகப் பயப்படுகிறான் என்று நினைத்தாள். நினைத்து, உருகியும் போனாள்.

பாமசிப் பையைப் பிரித்தாள். இரும்புக் குளிசை முடிந்துபோனது இவருக்கு எப்படித் தெரிந்தது?

இரும்புக் குளிசை இல்லை.

பெயரை வாசிக்கத் தேவையிருக்கவில்லை. மச்சாளின் கலியாணத்துக்கு, மாமாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு, வருஷா வருஷம் கோயில் கொடியேற்றத்துக்கு அவள் விழுங்குகிற அதே அட்டை. மாதவிடாயைத் தள்ளிப்போடுகிற குளிசை. விட்டதும் மடை திறந்த மாதிரி வரும்.

"பதினெட்டாம் திகதியிலையிருந்து போடும்" என்றான். "எங்கடை உபயத் திருவிழா இருபத்தாறு."

"உதுவும் ஹோர்மோன்தானே?"

"உது பழகினதுதானே."

"ஆருக்கு?"

அவன் முருங்கையிலையை உருவத் தொடங்கினான்.

"ஆருக்கப்பா பழகினது? வாங்கிக் குடுக்கிற உங்களுக்கோ, விழுங்கிற எனக்கோ?"

"உடனே கத்தாதையும். அந்த லூப்பை வைச்சால் எப்ப துடக்கு வருமெண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது. நீர் திரைக்குப் பின்னாலை சேலை சரிபண்ணிக்கொண்டு நிக்கேக்கை நான் டொக்டரிட்டைக் கேட்டனான், திருவிழாவுக்கு முந்தி நிக்குமோவெண்டு. சொல்லேலாதெண்டிட்டா. அதுதான், திருவிழா முடியட்டுமெண்டு…"

திரைக்கு அந்தப் பக்கம் இவன் குரல் தாழ்ந்து கேட்டது அவளுக்கு நினைவிருந்தது. நோகுமா என்று கேட்கிறான் என்றே நினைத்திருந்தாள். அந்த நினைப்போடு ஒரு மாதம் சாறு குடித்திருக்கிறாள்.

எழும்பினாள். மேசை இடிபட்டு, பீற்றூட் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. தலை சுற்றியது. சுற்றட்டும்.

"இந்த வருஷம் நான் கோயிலுக்கு வரேல்லை. கேட்டால், மனிசிக்கு இரத்தம் ஓடுதெண்டு சொல்லுங்கோ. மைக்கிலை எண்டாலும் சொல்லுங்கோ."

"வராமல் விடேலாது." அவன் குனிந்து மேசைக்கடியில் பீற்றூட்டைத் தேடினான். "நேர்த்தி வைச்சிருக்கிறன். நீர் பாற்செம்பு எடுக்கிறதெண்டு."

"என்னைக் கேக்காமல் என்ரை தலையிலை நேர்த்தியோ? என்னத்துக்கு? உங்கடை கனடா விசாவுக்கோ, பதவி உயர்வுக்கோ?"

அவன் மேசைக்கடியில் முழந்தாளில் இருந்தபடி பீற்றூட்டைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

"சொல்லுங்கோ. என்னத்துக்கு?"

"உமக்கு இரத்தம் ஏத்தின அண்டு வைச்சனான்" என்றான், நிமிராமல். "உந்த இரத்தப்போக்கு நிண்டிட வேணுமெண்டு."



இப்போது அழலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சிரிக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் கோபம் வழி விடவில்லை. அவன் உச்சந்தலையில் மயிர் கொட்டத் தொடங்கியிருந்ததை இன்றைக்குத்தான் கண்டாள்.

கைத்தொலைபேசியை எடுத்துக் கிளினிக் தாதியின் இலக்கத்தை அழுத்தினாள்.

"தங்கச்சி, நான் தயாளினி. நாளைக்கு வரேல்லை எண்டு நேற்றுச் சொன்னனான். அந்த இடத்தை வேறை ஆருக்கும் குடுத்திட்டீங்களோ?… இல்லையோ? அப்ப வாறன்."

துணைக்கு ஆள் வருமோ என்று தாதி கேட்டாள். அவள் மேசைக்கடியில் இருந்தவனைப் பார்த்தாள்.

"ஓம்" என்றாள், பல்லைக் கடித்தபடி. "என்ரை மனிசனையும் கூட்டிக்கொண்டு வாறன்."