மூடியில்லாத கப்பல்

“இன்னா ஜெயா, சாப்டியா?” போனில் விமல்ராஜ் கேட்டான்.

“ஆச்சு. அங்க அலை எப்படி இருக்குது?”

“இன்னிக்கு ரொம்பப் பெருசு. மூடியில்லாத கன்டெய்னர் கப்பலாச்சே, உள்ள தண்ணி கொட்டுது.”

ஜெயசுதா சிரித்தாள். மாமியார் சுந்தராம்பாள் போனைப் பிடுங்கினாள். “டேய், நீச்சல் தெரியாத பய நீ! இறங்கி ஓடியாந்துடுடா.”

“எம்மா, எனக்கு ஒண்ணும் ஆவாது. வேலைய முடிச்சுட்டுக் கூப்புடறேன்.”

அவன் கூப்பிடவில்லை. மறுநாள் செஞ்சிக்கு அவன் உடல்தான் வந்தது.

“கூடப் போன பசங்கல்லாம் தப்பிச்சாங்களா?” உடன் வந்த அதிகாரியிடம் சுந்தராம்பாள் கேட்டாள்.

அவர் விழித்தார். “கப்பல்ல யாருமே ஏறலம்மா. அது நெசக் கப்பல் இல்ல, ஆள் நீளத்துக்குச் செஞ்ச மாடல் கப்பல். சென்னையில பெரிய தொட்டியில மிதக்கவிட்டு, மெஷின்ல அலை எழுப்பி, எவ்வளவு தண்ணி உள்ள போவுதுன்னு அளப்போம். அந்தத் தண்ணிய எடுக்கக் குனிஞ்சவர் தவறி விழுந்துட்டாரு. தொட்டி ரெண்டு ஆள் ஆழம்.”

ஜெயசுதாவுக்கு அந்தத் தொட்டியைத் தெரியும். கல்யாணமான புதிதில் கூட்டிப்போய்க் காட்டியிருந்தான். கடலில் போவதாக அம்மாவிடம் அவன் கதை விட்டபோதெல்லாம் அவளும் சேர்ந்து சிரித்தாள். வெறும் தொட்டிதானே என்று ஒருநாளும் பயந்ததில்லை.

“அந்தக் கப்பல் இன்னா ஆச்சு?” சுந்தராம்பாள் விடவில்லை.

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார்.

“மிதந்துகிட்டுதாம்மா இருக்குது.”