பெண் பார்க்கப் போன பெண்டாட்டி

சத்தியம்! பருத்திப்பட்டு ஏரி மேல சத்தியம். இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் அந்த ஏரித் தண்ணி மொத்தத்தையும் நானே குடிக்கிறேன்.

புருஷனுக்கு ரெண்டாவது பெண் பார்க்க, பூத்தட்டைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள் கஸ்தூரி. எழுபத்தொண்ணாம் வருஷம். புருஷன் தேவராஜ், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன்; என் அக்கா முனியம்மாவின் மகன்.

"வெக்கம் கெட்டவ!" என்றது தெரு.

ஆறு மாசம் முன்னால் கஸ்தூரியின் கர்ப்பப்பையில் கட்டி எடுத்தார்கள். சும்மா கட்டியா? தூக்கவே நாலு பேர் வந்தார்களாம்! அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே பாட்டு: "அறுத்த வயித்துல இன்னாடா தங்கும்?"

அக்கா, தேவராஜ், நான் மூணு பேரும் கூடவே போனோம். திருமழிசையில் பெண்ணின் அப்பா நாகப்பன் பாய் விரித்து பஜ்ஜி வைத்தார். பெண் பேபி தலைகுனிந்து காபி கொண்டுவந்தாள்.

கஸ்தூரி தட்டை வைத்தாள். "நான்தான் மொத பொண்டாட்டி. கட்டியை மட்டுந்தான் எடுத்தாங்க. பை பத்திரமா கீது. ஒரு வருஷம் போவட்டும், புள்ள பொறக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க. இவங்களுக்குத்தான் பொறுக்கல."

"வாயை மூடுடி!" அக்கா எகிறினாள். "நாகப்பண்ணே, அறுத்த வயிறு எங்க ஊட்டுக்கு ஆவாது. அதான் உங்க பொண்ணைக் கேட்டு வந்துகீறோம்."

"நியாயந்தாம்மா" என்றார் நாகப்பன், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

காபித் தட்டு டங்கென்று தரையில் இறங்கியது.

"இன்னா நியாயம் நைனா?" பேபி நிமிர்ந்தாள். "எனக்கும் அதே கட்டி, அதே ஆபரேஷன். அத மறைச்சு என்னை ரெண்டாந்தாரமா தள்ளப் பாக்கறியே!"

வாயில் போட்ட பஜ்ஜி அக்காவுக்கு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

கஸ்தூரி இடுப்பில் கைவைத்தாள். "இப்ப சொல்லுங்க அத்தே. பொறுக்கறீங்களா, மூணாவது பொண்ணு பாக்கப் போலாமா? தட்டு ரெடியா கீது."

தேவராஜ் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டான். "நான் பொறுக்கறேம்மா. வா கஸ்தூரி."

திரும்பும் பஸ்ஸில் கஸ்தூரியின் காதைக் கடித்தேன். "அந்தப் பொண்ணு விஷயம் உனக்கு முன்னியே தெரியுமா?"

"ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில், மாமா."

"அடிப்பாவி! ஊட்லயே உங்க அத்தகிட்ட சொல்லியிருந்தா இவ்ளோ வம்பு இல்லியே? அந்தப் பொண்ணு வாயத் தொறக்கலன்னா உன் வாழ்க்கையே போயிருக்குமே!"

"என் வயித்தைப் பத்தி ஊருக்கே சொல்வேன் மாமா. அவ வயித்தைப் பத்தி அவதான் சொல்லணும்."

இந்தக் கதையைச் சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அக்கா காதுக்குப் போனால், கஸ்தூரி பெற்ற பேரப்பிள்ளைகள் ரெண்டையும் இடுப்புக்கு ஒண்ணாகத் தூக்கிக்கொண்டே என்னைத் துரத்துவாள்.