மொட்டைக் கடிதம்

தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில், பக்கத்துக் காம்பராவில் நிலுக்ஷி அடுப்பில் ரொட்டியைப் புரட்டியபடி, "குதிரையை முன்னுக்கு வைங்க" என்றாள். சதுரங்கப் பலகை முன்னால் இருந்த அவள் புருஷன் ஜொனி வைத்தான்.

வாசலில் நின்று பார்த்த நிரஞ்சலாவுக்கு வயிறு எரிந்தது. பண்டாரவளைச் சதுரங்கப் போட்டியில் நிலுக்ஷி முதலிடம், இவள் இரண்டாமிடம். லண்டனில் நடக்கும் மூளை விளையாட்டுப் போட்டிக்கு அவள் போகிறாள். அவள் கழன்றால் அடுத்தது இவள்தான்.

அன்றே கொழும்பிலிருந்த போட்டி அலுவலகத்துக்கு அவளது மொட்டைக் கடிதம் பறந்தது. 'நிலுக்ஷி பலகையைப் பார்ப்பதே இல்லை. காய் நகர்த்துவது புருஷன்.' எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை.

அடுத்த வாரமே அதிகாரிகள் வந்தார்கள். நிலுக்ஷியைச் சுவர் பார்க்க உட்காரவைத்து ஆடச் சொன்னார்கள். அவர்கள் போனதும் நிலுக்ஷி ரொட்டித் தட்டோடு நிரஞ்சலாவிடம் வந்தாள்.

"எந்தப் புண்ணியவானோ மொட்டைக் கடிதம் போட்டிருக்காங்கக்கா. பலகையைப் பார்க்காம ஆடுறதுக்குத் தனிப் போட்டியே இருக்காம். அதுலயும் என்னைச் சேர்த்துட்டாங்க. காய் நகர்த்த இவரும் வாறாரு."

"நல்லதும்மா" என்றாள் நிரஞ்சலா, பல்லைக் கடித்தபடி. "ரெண்டு பேருக்கும் டிக்கெட் குடுக்குறாங்களா?"

"மொதல்லயே ரெண்டு டிக்கெட் இருந்திச்சாம்." நிலுக்ஷி தலை குனிந்தாள். "மத்தது ரெண்டாவதா வந்த ஒங்களுக்குன்னு வச்சிருந்தாங்களாம்க்கா."