ரெட்டைக் கார்புரேட்டர்

மண்ணெண்ணெய்க் கிண்ணத்துக்குள் விரலை விட்டு, வேன்காரர் வண்டியின் பித்தளைச் சாமானைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள் மெக்கானிக்கின் மனைவி. குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது.

"நீயெல்லாம் ஒரு மெக்கானிக்காப்பா?"

ஷெட்டே அதிர்ந்தது. கண் டாக்டர் வந்துவிட்டார். ஓய்வுபெற்றவர். அவருடைய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒரு மாதமாக இங்கேதான் கிடக்கிறது. ரெண்டே சீட்டு, எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்ட ரெண்டு கார்புரேட்டர், ஆயிரம் தொல்லை. தினமும் ஆட்டோவில் வந்து இறங்கித் திட்டுவார்.

"ரெண்டு கார்புரேட்டரையும் சமமா வைக்க ஒரு மாசமா? ஒண்ணு கிழக்கே இழுக்குது, ஒண்ணு மேற்கே இழுக்குது. ஸ்டார்ட் பண்ணினா சளி பிடிச்ச மாதிரி இருமுது!"

"நாளைக்குச் சரியாயிடும் ஐயா."

"உன்னோட நாளைக்கு எப்பத்தான்யா வரும்?"

தன் வண்டிக்காகக் காத்திருந்த வேன்காரர் குறுக்கே புகுந்தார். "ரெண்டையும் கழட்டிக் கடாசிட்டு ஒத்தையா ஒண்ணு மாட்டிட வேண்டியதுதானே சார்? சமம் பண்ற தொல்லையே இல்லை."

"அதெல்லாம் கூடவே கூடாது!" டாக்டர் பதறினார். "பழசு பழசாவே இருக்கணும்!"

"அப்ப எதிர்க்கடையில காட்டுங்க. இனிமே நானும் அங்கதான் போகப்போறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு வண்டியாய் எதிர்க்கடைக்குப் போனால் இந்த ஷெட்டுக்குப் பேர் ஏது?

அவள் புருஷனுக்கு ஒரு காது மந்தம். கார்புரேட்டர் வாயில் ரப்பர் குழாயை வைத்து, காற்று சீறுவதைக் கேட்டு, ரெண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று சொல்வது அவள் வேலை. நேற்றுச் சாயந்திரமும் அவள்தான் கேட்டாள். ரெண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரே குரலில் சீறின. வண்டி பாடியது.

ஆனால் காலையில் வாசலைக் கூட்டும்போது கண்ணால் பார்த்தாள். ரெண்டையும் சமம் பண்ணும் திருகாணியைத் தளர்த்திவிட்டதே அவள் புருஷன்தான்.

டாக்டர் போனதும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருந்ததைக் கெடுக்கறதும் நீங்க, பேச்சு வாங்கறதும் நீங்க. என்ன பொழைப்புங்க இது?"

"உனக்குத் தெரியாது. விடு."

"ஆமா, எனக்கு என்ன தெரியும்? காது மட்டும் இரவல் வேணும்!"

 சாமான் வாங்க வேண்டும் என்று அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான். வேலையை இழுத்தடிக்கிறான், வேறென்ன? கட்டினவன் ஏமாற்றுக்காரனா?

முந்தானையை இழுத்துச் செருகினாள். சாவியைத் திருப்பினாள். குழாயைக் காதில் வைத்தாள். ஒன்று விசிலடித்தது, இன்னொன்று முனகியது. திருப்புளியால் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பத் திருப்ப, முனகினது விசிலோடு வந்து சேர்ந்துகொண்டது.

சாயந்திரம் மெக்கானிக் திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தும்போதே, டாக்டரும் தன் மனைவியோடு வந்தார்.

"நீயே பாரு," என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டார். "வண்டி சரியானதும் உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு நானும் துடிக்கிறேன். இந்த ஆளு விட்டாத்தானே?"

சாவியைத் திருப்பினார்.

வண்டி பாடியது.

டாக்டர் முகம் வெளுத்துப்போனது. மெக்கானிக் சட்டென்று திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

டாக்டர் தடுமாறி இறங்கி, பானட்டுக்குள் தலையை விட்டு மெக்கானிக்கையும் பக்கத்தில் இழுத்தார். பாராட்டு விழப்போகிறது என்று அவளும் குழாயோடு போய் நின்றாள்.

"கழுத்தை அறுத்துட்டியேப்பா!" டாக்டர் கிசுகிசுத்தார். "எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, இது ஆபரேஷனுக்கு அடங்காதுன்னு உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்? அவளுக்குத் தெரிஞ்சா சோறு தண்ணி இறங்காது. வண்டி ஓட்டாததுக்கு வண்டிமேலயே பழியைப் போட்டு நாளைக் கடத்திட்டிருந்தேன். இப்ப எதைச் சொல்லிச் சமாளிப்பேன்? என் திட்டுல ஏதாவது குறை இருந்துச்சா?"

"திட்டு பிரமாதம் ஐயா," என்றான் மெக்கானிக் பரிதாபமாக. "வீட்டுக்காரிகிட்ட சொல்லாததுதான் என் தப்பு."

அவள் குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். இத்தனை நாள் இந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு நின்றது இதற்கா!

அதற்குள் டாக்டர் மனைவி அவள் முழங்கையைத் தொட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக ஒதுக்கிக் கூட்டிப் போனாள்.

"அம்மாடி, உன் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன். அந்த வண்டி பழையபடி இருமணும். உன் வீட்டுக்காரர்கிட்ட பக்குவமா சொல்லேன்."

"ஏம்மா?"

"எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு சரியா தெரியலை. உப்பு டப்பான்னு நினைச்சு சர்க்கரையைப் போட்டுக்கறார். நான் ஒண்ணும் கவனிக்காத மாதிரியே இருக்கேன். வண்டியை ஓட்டப் போய், கண் டாக்டருக்கே கண்ணு போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவாரு. பாவம், அவருக்கு இன்னும் தெரியாது."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது. தொண்டையைச் சரி பண்ணிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"அம்மா, நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், ஐயாவுக்கே அது..."

"ஏய்!" ஷெட்டுக்குள்ளிருந்து அலறினான் மெக்கானிக். "அங்க என்ன பேச்சு? திருப்புளியை எடுத்துக்கிட்டு ஓடி வா!"