மழை இல்லாத மொழிகள்

நிலவிலும் செவ்வாயிலும் குடியேறியவர்களுக்காக இரண்டு மொழிகளை உருவாக்கியவள் மரியதங்கம். முதலில் ஒரு தாய்மொழியைக் கற்பனை செய்து, அதிலிருந்துதான் இரண்டையும் பிரித்தாள். அந்தத் தாய்மொழியை அவள் யாருக்கும் காட்டியதில்லை.

நிலவில் வளர்ந்த செல்வின், தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு பூமிக்கு இறங்கி, நாகர்கோவிலில் மரியதங்கத்தின் வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி செவ்வாய்க்காரி.

"மேடம், பாப்பா பேசுறது எங்க ரெண்டு பேருக்குமே விளங்கல. தண்ணிய நான் 'லூ'ன்னு சொல்லுவேன், இவ அம்மா 'உவே'ம்பா. பாப்பா 'லுவே'ங்குறா. டாக்டர் மூளையை ஸ்கேன் பண்ணச் சொல்றாரு."

மரியதங்கம் குழந்தையை நிமிர்ந்து பார்த்தாள். 'லுவே', யாருக்கும் காட்டாத அந்தத் தாய்மொழியில் அவள் தண்ணீருக்கு வைத்திருந்த சொல். இரு மொழிகளையும் கேட்டு வளர்ந்த குழந்தை, அவற்றின் தாயைத் தானாகவே கண்டுபிடித்திருந்தது.

"ஸ்கேனெல்லாம் வேண்டாம் தம்பி. பிள்ளை நல்லாத்தான் பேசுது."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல் முறையாக மழையைப் பார்த்த குழந்தை, ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு மெல்லச் சொன்னது: "லுவேனா."

மரியதங்கத்தின் மூன்று மொழிகளிலும் மழைக்குச் சொல்லே கிடையாது. மழை பெய்யாத உலகங்களுக்காகச் செய்தவை அவை.

அவள் குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு கண்ணு," என்று கேட்டு, எழுதிக்கொண்டாள்.