மாடிப்படிக் கைப்பிடி

டிரில் மெஷின் அலறியது. வாங்கப்போகும் வீட்டின் சமையலறையை அளந்துகொண்டிருந்த எஸ்தர் பதறி ஓடி வந்தாள். வெல்டர் சுடலை மாடிப்படியின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"யோவ், அதை ஏன் கழட்டுற?"

"பில்டர் சொன்னாருக்கா."

அரசுத் திட்டத்தில் வீட்டுக்கடன் கிடைக்க, படிக்குக் கைப்பிடி கட்டாயம். காலையில்தான் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து, அதை ஆட்டிப் பார்த்து, போட்டோ எடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். எஸ்தரின் கணவன் கிதியோனுக்கு ஒரு கால் செயற்கைக் கால். படுக்கையறையும் குளியலறையும் மாடியில் இருந்தன.

"ஒத்தக்கால்ல ஏறுற மனுஷன் எதைப் பிடிப்பாரு? உன் தலையையா?"

"என்கிட்ட கத்தாதீங்கக்கா. இருபது வீட்டுக்கும் இந்த ஒரே செட்டுதான். ஒரு வீட்டுல செக்கிங் முடிஞ்சா அடுத்த வீட்டுல மாட்டுவோம்."

"அந்த மதிப்பீட்டாளர் சார்கிட்டயே சொல்றேன். எல்லாரையும் உள்ள தள்ளாம விடமாட்டேன்!"

படியில் கிடந்த சுடலையின் போன் அடித்தது. பில்டராகத்தான் இருக்கும் என்று வெடுக்கென்று எடுத்துக் காதில் வைத்தாள். பேசியது மதிப்பீட்டாளர்.

"சுடலை, கழட்டியாச்சா? எட்டாம் நம்பர் வாசல்ல வெயில்ல நிக்கேன், சீக்கிரம் கொண்டாப்பா."