செவ்வாய்க்கிழமை ஆட்டம்

எட்டாவது வரிசை, பதினான்காவது இருக்கை. உட்கார்ந்ததும் அவன் அதைத்தான் முதலில் மனப்பாடம் செய்தான்.

பிறகு தரையின் நிறம். டிவியில் தெரிவதைவிட அடர்ந்த நீலம். நடுவரின் உயரமான நாற்காலி, அதற்கு மேலே ஒரு குடை. துண்டை யாரும் கொண்டுவந்து நீட்டுவதில்லை, ஆடுகிறவர்களே மூலையில் இருக்கும் பெட்டிக்குப் போய் எடுத்துக்கொள்கிறார்கள். பதினொரு மணி வெயில் இடது பக்கத்து இருக்கைகளில் விழுகிறது.

பக்கத்து இருக்கைத் தொப்பிக்காரர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பாக்குறீங்க. முதல் தடவையா?"

"இல்லைங்க. செவ்வாய்க்கிழமையும் வந்திருந்தேன்."

முன்பின் தெரியாத ஆளிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்ததில் நாக்குக்குக் கொஞ்சம் பழக்கமானது.

இவ்வளவு பெரிய போட்டியை மட்டுமல்ல, டென்னிஸையே அவன் நேரில் பார்ப்பது இன்றுதான்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அப்பா குளியலறையில் விழுந்தார். மூன்று மணிவரை தரையிலேயே கிடந்தார். பக்கவாதம். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பேச்சாவது தப்பியிருக்கும் என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார். அவனிடம் சொல்லவில்லை.

வீட்டில் அப்பாவும் அவனும் மட்டும்தான். அப்பா எடுக்கவில்லை என்று உனக்கு மூன்று தடவை போன் செய்தேனே, எங்கே போய்த் தொலைந்தாய் என்று அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் கேட்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பேருந்து திரும்பியது. அதன் முதுகில் போட்டியின் விளம்பரம்.

கிடங்கில் இரவு வேலையை முடித்துவிட்டு நேராக டென்னிஸ் பார்க்கப் போய்விட்டதாகச் சொன்னான். மூன்று மணிக்குத்தான் வீட்டுக்கு வந்ததாகவும் சொன்னான்.

"ஒரே கூச்சல்க்கா. போன் அடிச்சது காதுலயே விழல."

அக்கா நம்பினாள். மாமாதான் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "டென்னிஸ்லயாடா கூச்சல்?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

அதனால்தான் இன்று வந்திருக்கிறான். லீவு சொல்லக் கிடங்குக்குப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டு, கூச்சல் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்திருக்கிறான்.

கீழே ஒருவர் பந்தைத் தரையில் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு தட்டும் கேட்டது. பத்தாயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமியதற்கு மூன்று தலைகள் திரும்பின.

இவ்வளவு அமைதியான இடத்தில் அவன் இதுவரை இருந்ததே இல்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நாலு வரிசைக்குக் கேட்டிருக்கும். தொப்பிக்காரர் உச்சுக் கொட்டினார்.

அக்கா.

எழுந்து படியேறினான். வழியில் நின்ற பணிப்பெண் உள்ளங்கையைக் காட்டினாள்.

"உக்காருங்க சார். அவங்க பக்கம் மாறும்போதுதான் வெளிய விடுவோம்."

காலியாக இருந்த ஓர் ஓர இருக்கையில் உட்கார்ந்தான். செய்தி வந்திருந்தது. அப்பா கண் விழித்துவிட்டார், பேசுகிறார், உடனே கூப்பிடு.

அவன் போனை மடியில் கவிழ்த்து வைத்தான்.

ஆட்டம் நாற்பதுக்கு நாற்பதில் நின்றது. ஒருவர் முந்தினார், மற்றவர் இழுத்துப் பிடித்தார். மறுபடி சமம். மறுபடியும். யார் ஜெயித்தாலும் அவனுக்கு ஒன்றுதான். இது முடியக் கூடாது, பொழுது சாயும்வரை இப்படியே இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும், அது போதும்.

அப்பா பேசாமலே இருந்திருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை அவன் விரட்டவில்லை.

ஒருவர் பந்தை வலையில் அடித்தார். கைதட்டல். இரண்டு பேரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலிக்கு நடந்தார்கள். பணிப்பெண் வழிவிட்டாள்.

வெளியே தூண் ஓரமாக நின்று அக்காவைக் கூப்பிட்டான். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு வார்த்தைதான்டா பேசினார். உங்க மாமா ரெண்டு நாளா என்னைப் போட்டு அரிச்சுட்டாரா, நான்தான் வாய மூடிட்டு இருக்காம கேட்டுட்டேன். விழுந்தப்ப அவன் வீட்ல இருந்தானாப்பான்னு. 'இல்ல'ன்னார். மறுபடி கேட்டேன். அப்பவும் 'இல்ல'தான். மனசுல வச்சுக்காதடா."

"சரிக்கா" என்றான்.

"சாப்பிட்டியா?"

"ம்."

அக்கா வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் படுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அப்பா குளியலறையிலிருந்து கூப்பிட்டது தெளிவாகவே கேட்டது. நடுவில் ஒரு சுவர்தான். அவனும் கண்ணைத் திறக்காமல், "தோ வரேம்பா" என்று பதில் கொடுத்தான். கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

"மெதுவா வா, அவசரமில்ல" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவேயில்லை.